அது வேடிக்கை பார்க்கிற நடனம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஸ்காட்லாந்து பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எடின்பரோ கோட்டை, ஏரிகள், ரயில் பயணம் எல்லாம் அழகாகத்தான் எழுதியிருந்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசிப் பத்திதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'ஸ்காட்லாந்தின் பாரம்பரிய நடனம்' என்று தலைப்புப் போட்டு, தரையில் குறுக்காக வைத்த இரண்டு வாள்களுக்கு மேலே துள்ளி ஆடும் ஒரு பெண்ணின் படத்தைக் கொடுத்து, ஊர் விழாக்களுக்குப் போனால் சுற்றுலாப் பயணிகள் இதைக் கண்டு களிக்கலாம் என்று மூன்றே வரியில் முடித்துவிட்டார்கள். நான் பல வருடங்களாக இங்கே தெற்கு ஸ்காட்லாந்தில், பார்டர்ஸ் என்று சொல்லும் எல்லைப் பகுதியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன், கன்ட்ரி டான்ஸ் வகுப்புக்கும் விடாமல் போகிறவள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படம். அது ஹைலேண்ட் நடனம். ஒருவர் தனியாக ஆடுவது, நடுவர்கள் உட்கார்ந்து மதிப்பெண் போடுவது. பிரேமாரிலும் டனூனிலும் நடக்கும் ஹைலேண்ட் விளையாட்டுகளில் அதைப் பார்க்கலாம், சின்ன வயதிலிருந்தே கடுமையாகப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் ஆடுவார்கள், பார்க்கவும் கைதட்டவும் தகுந்த கலைதான். ஆனால் ஊர் விழா முடிந்த மாலையில் டவுன்ஹாலில் ஊர் ஜனங்கள் ஆடுவது அது இல்லை. அவர்கள் ஆடுவது கன்ட்ரி டான்ஸ், அல்லது அதைவிடத் தளர்வான, கேய்லி (ceilidh) என்று சொல்லும் கூட்ட நடனங்கள். இரண்டிலும் மேடை கிடையாது, பார்வையாளர் என்று தனியாக ஒரு கூட்டமும் கிடையாது. சுவரோரம் நாற்காலிகள் இருக்கும், ஆனால் அவை மூச்சு வாங்க உட்காருவதற்கு, அடுத்த ஆட்டத்துக்கு யாராவது வந்து கை நீட்டினால் எழுந்து போய்விட வேண்டியதுதான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான்கு ஜோடிகள் சேர்ந்தது ஒரு 'செட்'. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை, இப்போதெல்லாம் யார் எந்தப் பக்கம் நின்றாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இசைக்காரர்கள் இருக்கும் பக்கம் செட்டின் தலை, அங்கே நிற்பது முதல் ஜோடி. அக்கார்டியன், ஃபிடில், பியானோ, டிரம். முதல் சுருதி எழுந்ததும் எதிரே நிற்பவருக்குத் தலை வணங்க வேண்டும், முடிவிலும் அப்படியே. பெரும்பாலான ஆட்டங்கள் 32 'பார்', அதாவது 32 தாளக் கட்டு, நீளமுள்ள இசைக்கு அமைந்தவை, எட்டு எட்டு பாராகப் பிரிந்து ஒவ்வொரு எட்டிலும் ஓர் உருவம் வரும்: நடுவே இறங்கிப் போய்த் திரும்புவது, நான்கு பேர் கை கோத்துச் சக்கரமாகச் சுழல்வது, மூன்று பேர் எட்டு வடிவில் பின்னிப் போவது, இப்படி. ஆட்ட வகைகளில் ரீலும் ஜிக்கும் வேகமானவை, ஸ்ட்ராத்ஸ்பே நிதானமானது, ஸ்பே நதிப் பள்ளத்தாக்கின் பெயர் கொண்டது, வேறெங்கும் இதைப் போல ஒரு தாளத்தை நான் கேட்டதில்லை. முக்கியமான விஷயம் என்னவென்றால், ஒரு சுற்று முடிந்ததும் ஜோடிகள் இடம் மாறிவிடும். கடைசியில் நின்றவர்கள் மெல்ல மெல்ல மேலே வந்து அவர்களும் முதல் ஜோடியாவார்கள். யாரும் கடைசி வரை ஓரத்திலேயே நிற்க மாட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரை விழாவை ஒரு பக்கமும் நடனத்தை ஒரு பக்கமும் வைத்துவிட்டது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே ஓர் ஊர் தன் விழாவை எடுத்து அதையே நடனமாக அமைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. விழாவில் நடப்பது அந்த ஆட்டத்தின் உருவங்களுக்குள்ளேயே இருக்கும். ஆடினால்தான் அது தெரியும். மாடியிலிருந்து பார்க்கிறவருக்கு எட்டுப் பேர் அங்குமிங்கும் ஓடுவது மட்டும்தான் கண்ணில் படும்.

எங்கள் பகுதியின் விழாவைச் சொன்னால் புரியும். பார்டர்ஸ் ஊர்களில் காமன் ரைடிங் என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் பொதுநிலம் இருந்தது, மாடு மேய்க்கவும் விறகுக்கும் அடுப்பெரிக்கிற பீட் என்ற கரிமண்ணுக்கும் ஊர் முழுக்க நம்பியிருந்த நிலம், அதை அக்கம்பக்கத்துப் பெரிய நிலக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி எடுத்துக்கொள்வார்கள், அதனால் வருடத்துக்கு ஒரு முறை ஊர்க்காரர்கள் குதிரையேறி எல்லை முழுவதையும் சுற்றிப் பார்த்து, இது எங்களுடையது என்று உறுதி செய்துவிட்டு வருவார்கள். இன்று சட்டப்படி அதற்குத் தேவை இல்லை, ஆனாலும் நூற்றுக்கணக்கான குதிரைகள் கோடைக் காலையில் ஊரைவிட்டுக் கிளம்புகின்றன. ஓர் இளைஞரை ஒவ்வொரு வருடமும் தேர்ந்தெடுத்து ஊர்க்கொடியை அவர் கையில் கொடுப்பார்கள். ஹாயிக்கில் அவர் கார்னெட், செல்கர்க்கில் ஸ்டாண்டர்ட் பேரர். கேலஷீல்ஸின் பிரா லாட்ஸ் விழா மட்டும் சற்றே புதியது, 1930இல் தொடங்கியது.

இதற்குள் பெரிய துக்கமும் இருக்கிறது. 1513இல் இங்கிலாந்தோடு நடந்த ஃப்ளாடன் போரில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸே இறந்துபோனார், எல்லை ஊர்களின் ஆண்களில் ஏராளமானவர்கள் திரும்பவில்லை. செல்கர்க்கிலிருந்து போனவர்களில் ஒரே ஒருவர்தான் எதிரியின் கொடியோடு திரும்பி வந்தார் என்பது அந்த ஊர்க்கதை. இன்றைக்கும் சந்தைத் திடலில் கொடிகளை இசைக்குச் சுழற்றித் தாழ்த்துவார்கள், அதன்பின் கூட்டம் முழுக்க அமைதியாக நிற்கும். ஹாயிக்கில் நினைவுகூர்வது அடுத்த வருடம், 1514இல், ஹார்ன்ஸ்ஹோல் என்னும் இடத்தில் ஊர்ப் பையன்கள் ஆங்கிலேயப் படைக் குழு ஒன்றைத் தாக்கிக் கொடியைப் பறித்ததை. லாங்கமில் ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை ஒரு கம்பத்தில் ரோஜாக் கிரீடம், இன்னொன்றில் ஒரு பெரிய முட்செடி, மரத்தட்டில் ஆணியடித்த பார்லி ரொட்டியும் உப்புப் போட்ட ஹெர்ரிங் மீனும் என்று தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். இவை எதுவும் சுற்றுலாவுக்காக ஏற்படுத்தியவை இல்லை. ஒரு பயணியும் வராவிட்டாலும் இவை நடக்கும்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு விழா. எங்கள் நடன வகுப்பில், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டி அந்த விழாவை வைத்து ஒரு ஜிக் அமைத்தார். தன் பெயர் பத்திரிகையில் வருவதை அவர் விரும்ப மாட்டார், ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர் யார் என்று தெரிந்துவிடும், அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். ஜிக் என்று அவர் முடிவு செய்ததே குதிரைக்காகத்தான். ஆறெட்டுத் தாளம், ஒன்று-இரண்டு-மூன்று, நான்கு-ஐந்து-ஆறு என்று எண்ணினால் குதிரை நடை தானாக வந்துவிடும்.

அந்த ஆட்டத்தை விவரமாகச் சொல்ல ஆசை. முதல் எட்டு பாரில் முதல் ஜோடி வலக்கை பிடித்துக்கொண்டு நடுவே இறங்கிப் போய்த் திரும்பும், அது கொடி பிடித்தவர் பெரிய தெரு வழியாக வருவது, இரண்டு பக்கமும் நிற்கிற மூன்று ஜோடிகள்தான் தெருவோர ஜனம். இரண்டாவது எட்டில் மேலே நாலு பேர், கீழே நாலு பேர், கை கோத்து இரண்டு சக்கரங்கள், வலப்பக்கம் சுற்றிப் பிறகு கையை மாற்றி இடப்பக்கம். எங்கள் ஊர் கம்பளி ஆலைகளால் வாழ்ந்த ஊர், ஆற்று நீர் ஆலைச் சக்கரங்களைச் சுழற்றிய காலம் ஒன்று இருந்தது, அதற்காக அந்தச் சக்கரங்கள். மூன்றாவது எட்டுதான் ஆட்டத்தின் உயிர். முதல் ஜோடி ஆளுக்கொரு பக்கமாக வெளியே திரும்பி வரிசைக்குப் பின்புறமாகக் கீழே ஓட, மற்ற மூன்று ஜோடிகளும் அவர்கள் பின்னாலேயே போக வேண்டும், கொடியின் பின்னே குதிரைகள் எல்லையைச் சுற்றுவதுபோல. கீழே சேர்ந்ததும் முதல் ஜோடி இரு கைகளையும் உயர்த்தி வளைவு பிடிக்கும், மற்றவர்கள் அதற்கடியில் புகுந்து மேலே வருவார்கள். இப்போது இரண்டாவது ஜோடி தலையில், முதல் ஜோடி கடைசியில். நான்காவது எட்டில் எட்டுப் பேரும் கை கோத்து ஒரே வட்டம், இடப்பக்கம் போய் வலப்பக்கம் திரும்புவது, எல்லைக்குப் போனவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பதற்கு.

இது காகிதத்தில் எழுதியதும் சரியாக வந்துவிடவில்லை. முதல் முறை ஆடிப் பார்த்த மாலையில் நான்காவது ஜோடி ஒவ்வொரு தடவையும் தாமதமாக வந்தது, அவர்கள் வளைவைவிட்டு வெளியே வருவதற்குள் இசை வட்டத்துக்குப் போய்விட்டது, வட்டம் கோணல்மாணலாகத் தொடங்கியது. எங்களுக்கு வேகம் போதவில்லை என்று வகுப்பில் சிலர் சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆட்டத்தில்தான் குறை என்றார், சமையலறை மேஜையில் எட்டு சதுரங்கக் காய்களை வைத்து நகர்த்திப் பார்த்திருக்கிறார், அடுத்த வாரம் வந்து, முதல் ஜோடி கீழே போனதும் ஒரு முறை சுற்றிவிட்டு வளைவு பிடிக்கும்படி எழுதியிருந்ததை அடித்துவிட்டார். அந்த ஒரு சுற்று இரண்டு பாரைத் தின்றுகொண்டிருந்தது. சுற்று அவருக்கு மிகவும் பிடித்திருந்தது, கொடி சுழல்வதாக நினைத்து வைத்தது, ஆனாலும் கடைசி ஜோடி திணறக் கூடாது என்பதற்காக எடுத்துவிட்டார். நல்ல ஆட்டத்தை அமைக்கிறவர்கள் எல்லோரும் கடைசி ஜோடியைத்தான் நினைத்துக்கொண்டு அமைப்பார்கள் என்பது நான் பார்த்துப் புரிந்துகொண்டது.

விழா வாரத்தில் அதை முதன்முதலாக ஹாலில் ஆடினார்கள். காலையில் கொடி பிடித்துக் குதிரையில் போன அதே பையன் மாலையில் வந்திருந்தான். சவாரி பூட்ஸ் மரத்தரையைக் கெடுத்துவிடும் என்று கழற்றி வாசலில் வைத்துவிட்டு, வெறும் சாக்ஸ் காலோடு, நின்ற இடம் மூன்றாவது ஜோடி. முதல் ஜோடியாக நின்றது ரொட்டிக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவும் அவர் பேரனும். காலையில் ஊரே யார் பின்னால் போனதோ அந்தப் பையன், இப்போது அந்த அம்மாவின் பின்னால் வரிசையைச் சுற்றி ஓடி, அவர்கள் பிடித்த வளைவுக்குக் குனிந்து புகுந்து வந்தான், ஆள் நல்ல உயரம், நன்றாகவே குனிய வேண்டியிருந்தது. நான்கு சுற்று முடிவதற்குள் நான்கு ஜோடிகளுமே கொடி பிடித்தவர்களாகிவிட்டார்கள். விழாவில் வருடத்துக்கு ஒருவருக்குக் கிடைக்கிற இடம் இந்த ஆட்டத்தில் எட்டுப் பேருக்கும் கிடைத்தது. இந்த ஊர் தன் விழாவுக்குக் கொடுத்த மிகப் பெரிய மரியாதை அதுதான் என்று நான் நினைக்கிறேன், அதை ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாக எழுதுவதை எப்படிச் சகித்துக்கொள்வது, சொல்லுங்கள்?

ஆட்டத்தில் எல்லோருக்கும் கிடைக்கிற இடம் விழாவில் எளிதில் கிடைத்ததில்லை. காமன் ரைடிங்கில் பெண்கள் குதிரையேறுவது பற்றி 1990களில்கூட இந்தப் பகுதியில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. வடகோடித் தீவுகளான ஷெட்லாந்தின் லெர்விக்கில் ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை நடக்கும் அப் ஹெலி ஆ தீத் திருவிழாவிலும் அணிகளில் பெண்கள் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கேயும் கவனியுங்கள், தீப்பந்தங்களை எறிந்து வைக்கிங் கப்பலை எரித்து முடிந்ததும் விழா முடிந்துவிடுவதில்லை. வேடமிட்ட அணிகள் விடிய விடிய ஹால் ஹாலாகப் போய், தங்கள் சின்ன நிகழ்ச்சியைச் செய்துவிட்டு, அங்கே இருப்பவர்களோடு ஆடிவிட்டுத்தான் அடுத்த ஹாலுக்குப் போவார்கள். மறுநாள் ஊருக்கே விடுமுறை. படம் எடுக்க வருகிறவர்கள் கப்பல் எரிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள், பத்திரிகையில் வருவதும் அந்தத் தீ மட்டும்தான்.

நிகழ்ந்த ஒன்றை ஆட்டத்துக்குள் வைக்கும் வழக்கம் ஊர் விழாவோடு நிற்பதுமில்லை. 1940இல் பிரான்சின் சென் வலேரியில் 51ஆவது ஹைலேண்ட் டிவிஷன் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் பெரும்பகுதி ஜெர்மானியரிடம் சிறைப்பட்டது. பவேரியாவில் லாஃபன் சிறைமுகாமில் அடைபட்டிருந்த அதிகாரிகள் தங்களுக்குள் ஓர் ஆட்டத்தை அமைத்தார்கள். முதல் ஜோடி மூலைகளில் நிற்பவர்களோடு கை கோத்து ஒரு குறுக்குக் கோடு, பிறகு மற்ற மூலைகளோடு எதிர்க் குறுக்குக் கோடு, இரண்டும் சேர்ந்தால் ஸ்காட்லாந்து கொடியில் இருக்கும் பெருக்கல் குறி, டிவிஷனின் நினைவுக்காக. தரையில் ஒரு நொடி தோன்றி மறைந்துவிடும், அந்த நொடியில் எங்கள் வகுப்பில் எல்லோருமே தோளை நிமிர்த்திக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். இன்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள். அப்புறம், ஜான் ட்ரூரி என்பவர், நூற்றுக்கணக்கான ஆட்டங்களை அமைத்தவர், மேகிநாக்கட்டர் என்ற குட்டிக் கிராமத்தின் தேனீக்களை வைத்து ஒரு ஜிக் செய்தார். அந்தக் கிராமம் ஒரு காலத்தில் தேனீ வளர்ப்புக்குப் பேர் போனது, அவ்வளவுதான், இன்று அந்தக் கிராமத்தின் பெயர் கனடாவிலும் ஜப்பானிலும் ஆடுகிறவர்களுக்குத் தெரியும் என்றால் அதற்கு அந்த ஜிக்தான் காரணம். நியூஸிலாந்தில் 1912 வரை கப்பல்களுக்குத் துணையாக நீந்திவந்த பெலோரஸ் ஜாக் என்ற டால்பினுக்கும் ஓர் ஆட்டம் உண்டு. அதில் இருவர் ஒருவர் பின் ஒருவராக ஓட, வளைவில் திரும்பும்போது பின்னால் வந்தவர் முன்னால் போய்விடுவார், நீர்மட்டத்தில் விளையாடுகிற டால்பினைப் போலவே.

எல்லா ஆட்டமும் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நவீன ஆட்டங்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அதில் பல, ஏதோ ஓர் ஆண்டு விழாவுக்கோ கல்யாணத்துக்கோ அவசரமாக நான்கு உருவங்களை ஒட்டிப் பெயர் வைத்தவை. பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தால் ஒன்றும் மாறாது. அவற்றை ஆடலாம், உடம்புக்கு நல்லது, ஆனால் நான் அவற்றுக்காக வாதாட மாட்டேன். விழா உருவத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும், கால் நடக்கும் வழியிலேயே ஊர் தெரிய வேண்டும். அப்படி வந்த ஆட்டங்கள் குறைவு, அதனால்தான் அவை கிடைக்கும்போது அவற்றின் கதையையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆட்டக் குறிப்புத் தாளில் பெரும்பாலும் 'முதல் ஜோடி இறங்கித் திரும்புக' என்கிற மாதிரி சுருக்கமான வரிகள்தான் இருக்கும். அமைத்தவர் போய்விட்டால் அது பெரிய தெரு என்று சொல்ல யார் இருப்பார்கள்? தாள் மட்டும் டோக்கியோவுக்குப் போய்ச் சேரும், அங்கே கன்ட்ரி டான்ஸ் சங்கத்தின் நல்ல கிளை இருக்கிறது, அருமையாகவும் ஆடுவார்கள், ஆனால் ஆற்றையும் ஆலையையும் அவர்களுக்கு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

இந்த நடனங்கள் ஒரு காலத்தில் அழிந்தேபோயிருக்கும் என்பதும் உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு புதிய நாகரிக நடனங்கள் வந்து இவற்றை ஓரங்கட்டிவிட்டன. பெண் சாரணர் இயக்கத்தில் இருந்த இசபெல் ஸ்டூவர்ட் என்பவர் தன் பெண்களுக்குச் சொல்லித்தர ஸ்காட்லாந்து நடனங்களின் தொகுப்பு ஒன்று வேண்டும் என்று கேட்கப் போய், கிளாஸ்கோவில் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கிய ஜீன் மில்லிகனோடு சேர்ந்து 1923இல் ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த வருடமே முதல் நடனப் புத்தகம் வந்தது. 1951இல் 'ராயல்' பட்டமும் கிடைத்தது, ராயல் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சொசைட்டி என்று இன்றும் எடின்பரோவிலிருந்து நடக்கிறது, செயின்ட் ஆண்ட்ரூஸில் வருடந்தோறும் கோடைப் பள்ளியும் நடத்துகிறார்கள். இரண்டு பெண்கள் பிடிவாதமாக ஊர் ஊராகப் போய் வயதானவர்களைக் கேட்டும் பழைய கையெழுத்துக் குறிப்புகளைத் தேடியும் சேர்த்தது இது. அவர்கள் சேர்த்தது மேடைக்காக இல்லை, ஆட ஆள் வேண்டும் என்பதற்காக.

ஆசிரியர் அவர்களே, நான் இதை உங்களுக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்டீன், டண்டீ என்று இங்கே நம் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள், மருத்துவமனைகளில் வேலைக்கு வருகிறார்கள், குடும்பமாகத் தங்கிவிடுகிறார்கள். அவர்களில் பலர் உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிக்கிறவர்கள். ஊர் விழா அன்று அவர்கள் குழந்தைகளோடு நடைபாதையில் நின்று ஊர்வலத்தைப் படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், மாலையில் ஹாலில் நடப்பது தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். இது வெள்ளைக்காரர்கள் விஷயம், நமக்கு எதற்கு, கூப்பிடாமல் எப்படிப் போவது என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பத்திரிகையும் 'கண்டு களிக்கலாம்' என்று எழுதினால் அந்த எண்ணம் இன்னும் கெட்டியாகிவிடும். அங்கே கூப்பிட வேண்டியதே இல்லை. கதவு திறந்திருக்கும், ஒரு செட்டுக்கு எட்டுப் பேர் வேண்டும், ஏழு பேர் நின்றால் எட்டாவது ஆளைத் தேடி நாலு பக்கமும் கண்கள் அலையும், அந்த நேரம் நீங்கள் வாசலில் நின்றால் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்வியெல்லாம் ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான். என் பக்கத்து வீட்டில் இருக்கும் திருச்சிப் பெண் ஒருத்தி, வந்து ஒரு வருடமாகியும் அலுவலகம் தவிர யாரோடும் பேசாமல் இருந்தவள், ஒரு விழா மாலையில் இப்படித்தான் உள்ளே இழுக்கப்பட்டாள். இப்போது ரொட்டிக்கடை அம்மாவுக்கும் அவளுக்கும் நல்ல பழக்கம், வாரா வாரம் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வகுப்புகள் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கி வசந்தம் வரை நடக்கும், தேவாலய ஹால், பள்ளி ஹால், டவுன்ஹால் எங்காவது, ஒரு மாலைக்குச் சில பவுண்டுதான். ஜோடியாகப் போக வேண்டும் என்று அவசியம் இல்லை, தனியாகப் போங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆள் மாறும், பெண்களே போய்க் கேட்கலாம். கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை தேவையில்லை. செருப்பு மட்டும் மெல்லிய அடிப்பாகம் உள்ளதாக இருக்கட்டும், பிறகு பிடித்துப்போனால் கயிறு கட்டும் மென்தோல் ஷூ வாங்கிக்கொள்ளலாம். முதல் வாரங்களில் பா த பாஸ்க் என்ற துள்ளு அடி கெண்டைக்காலைப் பிடித்துவிடும், அது சரியாகிவிடும். வழி மறந்துபோனால் பரவாயில்லை, எதிரே இருப்பவர் கண்ணைப் பாருங்கள், எங்கே போக வேண்டும் என்று கண்ணாலேயே காட்டுவார்கள். கீழே பார்த்துக்கொண்டு ஆடாதீர்கள், அதை மட்டும் எந்த ஆசிரியையும் விட மாட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அந்தப் படத்துக்குக் கீழே 'ஹைலேண்ட் வாள் நடனம்' என்று சரியான பெயரைப் போட்டு இணையப் பதிப்பிலாவது திருத்திவிடுங்கள். அடுத்த ஜூன் மாதம் பார்டர்ஸ் விழாக்கள் வரும்போது உங்கள் நிருபர் யாரையாவது அனுப்புங்கள், காலைக் குதிரைகளோடு நிறுத்திவிடாமல் மாலையில் ஹாலுக்கும் வரச் சொல்லுங்கள், கேமராவை வைக்க மேஜை இருக்கிறது, எங்கள் செட்டில் ஓர் இடத்தை நான் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
பார்டர்ஸ் பகுதியிலிருந்து ஒரு வாசகி,
ஸ்காட்லாந்து